பேனா டிஸ்ப்ளே வாங்குவதிலும் அமைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையின் மீதே பேனாவை வைத்து வரைய உதவும் பேனா டிஸ்ப்ளேவை முதன்முதலாக வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்த எண்களில் பல, வரைகிற கைக்குத் தெரிவதே இல்லை. கைக்கு உடனே தெரிகிற குறைகளுக்கோ பெட்டியில் எண்ணே இருப்பதில்லை. சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில் என்பதாலும், புதிதாக வாங்கியவர்கள் "கோடு சரியாக விழவில்லை" என்று எடுத்துவரும் கருவிகளைப் பல முறை சரிசெய்து கொடுத்திருப்பதாலும், பணமும் பொறுமையும் எங்கே வீணாகின்றன என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேனா டிஸ்ப்ளே என்பது ஒரு மானிட்டர். தனியாக இயங்கும் கணினி அன்று. ஐபேடைப் போல எடுத்த எடுப்பில் அதில் வரைந்துவிடலாம் என்று நினைத்து வாங்கி, வீட்டில் இருக்கும் கணினி அதற்கு ஈடுகொடுக்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, திரையே இல்லாத சாதாரண பேனா டேப்லெட்டை மேசையில் வைத்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தபடி வரையும் பழக்கம் சில வாரங்களில் கைவந்துவிடும் என்பதும், அது மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் என்பதும், கழுத்தைக் குனியாமல் வரைய அதுவே வசதி என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஃபோட்டோ திருத்துவதற்கும் ஓவியத்துக்கு வண்ணம் தீட்டுவதற்கும் அது தாராளமாகப் போதும். கோட்டோவியம், காமிக்ஸ், அனிமேஷன் என்று நாளெல்லாம் கோடு இழுக்கிறவர்களுக்குத்தான் திரையின் மீதே வரைவதால் உண்மையான பயன் உண்டு என்பது என் கருத்து.

எண்களை நம்பி ஏமாறுவது

பேனாவை அழுத்தும் அளவைக் கருவி எத்தனை படிகளாகப் பிரித்தறிகிறது என்பதைக் குறிக்க 8192 அழுத்த நிலைகள், 16384 அழுத்த நிலைகள் என்று விளம்பரங்களில் வருவதைப் பார்த்து, இரண்டாவது கருவி முதலாவதைவிட இரு மடங்கு நுட்பமானது என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. நாம் வழக்கமாக வரையும் 8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ணத் தடத்துக்கும் இருப்பவை 256 படிகள் மட்டுமே. 20 பிக்சல் அகலமுள்ள தூரிகையில் ஆயிரக்கணக்கான தடிமன் வேறுபாடுகளைக் கண்ணால் பிரித்தறியவும் முடியாது. 8192 நிலைகளே தேவைக்கு மிஞ்சியவை.

உண்மையில் பார்க்க வேண்டியது, கோடு தொடங்குவதற்குப் பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்பதைத்தான். சில நிறுவனங்கள் இதை 3 கிராம் என்பது போலக் கிராம் கணக்கில் குறிப்பிடுகின்றன. பல நிறுவனங்கள் குறிப்பிடுவதே இல்லை. கடையிலோ நண்பரிடமோ கருவி கைக்குக் கிடைத்தால், பேனாவைத் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்த எடை மட்டும் திரையில் படும்படி மெல்ல இழுத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு விழுந்தால் அது நல்ல பேனா. கோடே விழாமல், அழுத்திய பிறகு திடீரென்று தடித்த கோடாகத் தொடங்கினால், கண் இமையையும் கூந்தலையும் வரையும்போது அந்தப் பேனா உங்களைப் பாடாய்ப்படுத்தும்.

இன்னொரு சோதனையையும் சொல்கிறேன். மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வசதியை முற்றிலும் அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையின் மீது மூலைவிட்டமாக வைத்து, அதன் ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக நகர்த்துங்கள். இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் திரைக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் பலகை ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்க, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் இடத்தைத் தெரிவிக்கிறது. பேனாவுக்கு பேட்டரி தேவைப்படாததற்கு இதுவே காரணம். ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்குப் பேனா கடந்து செல்லும் இடத்தில் கணக்கு சற்றுப் பிசகினால், நேர்கோடு மெல்லிய அலைபோல நெளியும். வேகமாக இழுத்தால் இது தெரியாது. மெதுவாக இழுத்தால் மட்டுமே வெளிப்படும். எல்லாக் கருவியிலும் சிறிதளவு நெளிவு இருக்கத்தான் செய்யும். கட்டடங்களின் விளிம்பு, எழுத்துருக்கள் போன்றவற்றை நிதானமாக வரைகிறவர்கள் அது எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரும்பு ஸ்கேலை வைத்துச் சோதிக்காதீர்கள். உலோகமே புலத்தைக் கலைத்துவிடும்.

திரையின் அளவை மட்டும் பார்த்து, அதில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட 13.3 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 166 பிக்சல்கள் அமைகின்றன. அதே பிக்சல் எண்ணிக்கை 15.6 அங்குலத்தில் 141 ஆகவும், 21.5 அங்குலத்தில் 102 ஆகவும் குறைந்துவிடுகிறது. சாதாரண மானிட்டரை இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். பேனா டிஸ்ப்ளேவையோ நோட்டுப் புத்தகத்தைப் போல முகத்தருகே வைத்து வரைகிறோம். ஆகவே பெரிய திரையில் கோட்டின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியும். 20 அங்குலத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் 2560க்கு 1440 பிக்சலாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசையில் இடம் இல்லாதவர்களுக்கு 16 அங்குலமே நல்ல நடுவழி.

கண்ணாடியும் உள்ளிருக்கும் திரைப்பலகையும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை, அதாவது முழு லாமினேஷன் உண்டா என்பதை, வேறு எதைக் காட்டிலும் முக்கியமாக நான் கருதுகிறேன். அந்த இடைவெளி இருந்தால் முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் தெரியும். தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அந்த விலகலும் மாறும். பழைய கருவியைப் பாதி விலையில் வாங்குகிறவர்கள் இதை மறவாமல் கேட்க வேண்டும். அத்துடன், பேனா சார்ஜ் ஏற்ற வேண்டிய வகையா என்பதையும் விசாரிக்க வேண்டும். அந்த பேட்டரி செத்துவிட்டால், அந்த மாடலுக்கான மாற்றுப் பேனா கிடைப்பது அரிது.

வண்ணத்தைப் பற்றிய எண்களில், இணையப் படங்களுக்கான பொது வண்ண வரம்பாகிய எஸ்ஆர்ஜிபி அளவில் 120 விழுக்காடு என்றிருந்தால் வண்ணம் துல்லியமானது என்று பொருள் அன்று. அந்தத் திரையால் வழக்கத்தைவிட அடர்ந்த வண்ணங்களைக் காட்ட முடியும் என்பதே அதன் பொருள். சரியான வண்ண அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் அதில் வரைந்தால், திரையில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்தது கைபேசியில் மங்கிய செங்கல் நிறமாகத் தெரியும். கருவியின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற நிலை இருந்தால் அதை வைத்துக்கொள்வதே இணையத்துக்காக வரைகிறவர்களுக்குப் பாதுகாப்பானது.

இணைப்பில் நேரும் தவறுகள்

ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படம், தரவு, மின்சாரம் மூன்றும் செல்லும் என்ற விளம்பரத்தை நம்பி நான் முதலில் வாங்கிய 13 அங்குலக் கருவியை, வீட்டில் இருந்த கைபேசி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்தேன். விளக்கு எரிந்தது, திரையில் "சிக்னல் இல்லை" என்ற வரி மட்டும் வந்து அணைந்தது. கடைக்காரர் கருவியில்தான் கோளாறு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது கருவியும் அப்படியே நின்றது. ஒரு வாரம் அலைந்த பிறகுதான் புரிந்தது, இரண்டு கருவிகளுமே நன்றாகத்தான் இருந்தன என்பது. சார்ஜ் ஏற்றுவதற்கென்று கைபேசியோடு வரும் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்குள் படத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளே இருப்பதில்லை.

கேபிள் சரியாக இருந்தாலும் மடிக்கணினியின் துளை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தை வெளியே அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதியோ தண்டர்போல்ட் வசதியோ உள்ள துளைதான் அனுப்பும். பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் மடிக்கணினியின் மாடல் எண்ணைத் தேடி, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இதைச் சரிபார்த்துவிடுங்கள். எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும் என்பதால், ஏற்கெனவே மானிட்டர் இணைத்திருப்பவர்கள் பேனா டிஸ்ப்ளேவுக்காக அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அந்த வசதி இல்லாதவர்கள் கருவியோடு வரும் மூன்று கிளைக் கேபிளைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு கிளை ஹெச்டிஎம்ஐக்கும், ஒன்று தரவுக்கும், ஒன்று மின்சாரத்துக்கும் உரியது. மின்சாரக் கிளையையும் மடிக்கணினியிலேயே செருகிவிடுவதால்தான் திரை மினுக்குவதும், வெளிச்சத்தைக் கூட்டியவுடன் அணைந்துபோவதும் நேர்கின்றன. சாதாரண யுஎஸ்பி 3 துளை தருவது 900 மில்லி ஆம்பியர்தான். இத்தகைய திரைக்கு அது போதாது. கருவியோடு வந்த அடாப்டரையோ, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆம்பியரைத் தரும் சார்ஜரையோ சுவரில் செருகி, அந்தக் கிளைக்குக் கொடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. மடிக்கணினியின் மூன்று முள் பிளக்கை, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி வேலை செய்யும்போது, கருவியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தெரியும், கர்சரும் நடுங்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் பேனாவையும், கருவியைக் கணினியோடு இயங்கவைக்கும் மென்பொருளான டிரைவரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவரும் அமைப்புகளும்

பழைய டேப்லெட்டின் டிரைவரை நீக்காமல் புதியதை நிறுவுவதுதான், என்னிடம் வரும் கருவிகளில் பாதிக்குமேல் காணப்படும் கோளாறு. விண்டோஸில் வாகாம், ஹுயான், எக்ஸ்பி-பென் ஆகிய எல்லா நிறுவனங்களின் டிரைவர்களும், பேனாவின் அழுத்தத்தை வரையும் மென்பொருளுக்குத் தெரிவிக்கும் வின்டேப் என்ற ஒரே பெயருள்ள கோப்பைக் கணினியில் வைக்கின்றன. ஒன்றன் கோப்பை மற்றொன்று பயன்படுத்த முயலும்போது கர்சர் நகரும், ஆனால் அழுத்தம் மட்டும் வேலை செய்யாது. பழையதை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, அதன் பிறகே புதியதை நிறுவ வேண்டும். மேக் கணினியில் நிறுவியவுடன் அக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் ஆகிய அனுமதிகளைக் கொடுக்காவிட்டால் பேனா அசையவே அசையாது.

அழுத்தத்தைத் தெரிவிக்க விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் இங்க் என்ற அமைப்பைப் பற்றி, அதை எப்போதும் இயக்கு என்றும் எப்போதும் அணை என்றும் இரு விதமான அறிவுரைகள் உலவுகின்றன. இரண்டும் பாதி உண்மை. ஃபோட்டோஷாப் இயல்பாகவே அதன் வழியாகத்தான் அழுத்தத்தைப் பெறுகிறது, எனவே டிரைவரில் அதை அணைத்தால் கோடு ஒரே தடிமனாகிவிடும். கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் ஆகிய ஓவிய மென்பொருள்களில் விண்டோஸ் இங்க், வின்டேப் என்ற இரண்டு வழிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். டிரைவரிலும் மென்பொருளிலும் ஒரே வழியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். கோடு தொடங்கும்போது திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்று தாமதமானால், விண்டோஸின் பேனா அமைப்புகளுக்குச் சென்று, அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, திரையை நகலெடுக்கும் நிலையில் வைக்காமல் விரிவாக்கும் நிலையில் வையுங்கள். மடிக்கணினித் திரை 16:10 விகிதத்திலும் பேனா டிஸ்ப்ளே 16:9 விகிதத்திலும் இருக்கும்போது நகலெடுத்தால், வரைந்த வட்டம் முட்டையாகும், அல்லது ஓரங்களில் கறுப்புப் பட்டை வரும். விரிவாக்கிய பிறகு, பேனா எந்தத் திரைக்கு உரியது என்பதை டிரைவரில் மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே தொட்டால் அங்கே கோடு விழும்.

பேனா முனையும் கர்சரும் ஒரே இடத்தில் பொருந்தச் செய்யும் கேலிபரேஷனில் வரும் சிலுவைக் குறிகளை நின்றுகொண்டோ, கருவியை மேசையில் படுக்க வைத்தோ தொடுவது பயனற்றது. உங்கள் கண் இருக்கும் இடத்துக்கு ஏற்பத்தான் அந்தக் கணக்கு அமைகிறது. வரையும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, ஸ்டாண்டை எந்தக் கோணத்தில் வைப்பீர்களோ அதில் வைத்து, பேனாவை வழக்கமான சாய்வில் பிடித்துக்கொண்டு தொட வேண்டும். முடித்த பின் நான் செய்வது இது: திரை முழுவதும் பரவும்படி ஏழுக்கு ஏழு கோலப்புள்ளி வைத்த ஒரு படத்தைத் திறந்து, 3 பிக்சல் தூரிகையால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் தொட்டுப் பார்ப்பேன். நடுப் புள்ளிகளில் சரியாக விழுந்து, மூலைப் புள்ளிகளில் மட்டும் சற்று விலகினால் அது இயல்பு. ஓரங்களில் புலம் சீராக இருப்பதில்லை. எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கமாக விலகினால் கேலிபரேஷனை மீண்டும் செய்ய வேண்டும்.

வண்ணம் வெளுத்துத் தெரிந்தால் திரையைக் குறை சொல்லும் முன் கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐயில் இணைத்த திரையைத் தொலைக்காட்சி என்று கருதி, சில கார்டுகள் 0 முதல் 255 வரையுள்ள முழு வீச்சை விட்டுவிட்டு 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்பும். அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதை முழு வீச்சுக்கு மாற்றியவுடன் வண்ணங்கள் எழுந்து நிற்கும். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை அணைக்காமல் வண்ணம் தீட்டிவிட்டு, காலையில் படம் முழுவதும் நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டு திகைப்பவர்களும் உண்டு.

திரையைத் தட்டையாக வைத்துக் குனிந்து வரைந்தால் ஒரே மாதத்தில் கழுத்து பேசத் தொடங்கும். ஸ்டாண்ட் இல்லாத கருவியாக இருந்தால், விலையில் ஸ்டாண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

பேனா முனையைத் தேய்ந்து போகும்வரை மாற்றாமல் வரைவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முனையின் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும்போது அதன் ஓரம் உளி போலக் கூர்மையாகி, கண்ணாடியின் மேலுள்ள சொரசொரப்பான பூச்சைக் கீறிவிடும். மாதம் ஒருமுறை முனையை விரல் நுனியில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்; எங்காவது ஓரம் தட்டுப்பட்டால், பெட்டியில் வந்த இடுக்கியால் அதைப் பிடுங்கி, புதிய முனையை நேராகச் செருகிவிடுங்கள்.