பார்க்காத கடலும் எட்டு மதிப்பெண்ணும்: வருணனைக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

7-ஆம் வகுப்பில் 'கடற்கரையில் ஒரு மாலை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. அதனால் ஒரு சிரமமும் வரவில்லை. கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பினான், அலைகள் கரையை முத்தமிட்டன, சிறுவர்கள் மணல்வீடு கட்டினர், என் உள்ளம் உவகையில் துள்ளியது. 10-க்கு 8 கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் நிஜமாகவே கடலுக்குப் போய்வந்தவன். செருப்புக்குள் புகுந்த மணலையும், காற்றில் முகம் பிசுபிசுத்ததையும், அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து தரை நழுவியதையும் எழுதியிருந்தான். அவனுக்கு 6.

பிற்பாடு மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் வேலை என் கைக்கு வந்தபோதுதான், அந்த மதிப்பெண்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன என்று புரிந்தது. வருணனையில் நடக்கும் பிழைகள் பார்க்கப் பல மாதிரி இருந்தாலும் வேர் ஒன்றுதான். எழுதுகிறவர் பொருளைப் பார்ப்பதில்லை. அந்தப் பொருளுக்கென்று ஏற்கெனவே தயாராகக் கிடக்கும் சொற்களைப் பார்க்கிறார்.

நிலா என்றால் பால். மழை என்றால் 'சோ'வென்று. வயல் என்றால் பச்சைப் பசேல். கிழவி என்றால் பொக்கை வாய்ச் சிரிப்பு. யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதிவிடும். முதன்முதலில் இவற்றைச் சொன்னவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் இன்று 'எழில் கொஞ்சும்' என்று படிப்பவருக்கு உள்ளே எதுவும் தோன்றாது. கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். 'வார்த்தைகளால் வருணிக்க இயலாத அழகு' இதைவிட மோசம். வருணிக்கத்தானே உட்கார்ந்தீர்கள்?

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்துக்கே போகாத ஒருவர் இதை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடலாம். என் கடற்கரைக் கட்டுரையில் ஒரு வரிகூடத் தேறியிருக்காது.

இன்னொரு வேலையும் செய்யலாம். பென்சிலை எடுத்து 'ஆன' என்று முடியும் சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். அழகான, அருமையான, ரம்மியமான, அமைதியான, பிரமாண்டமான. இவை காட்சியைக் காட்டுவதில்லை, தீர்ப்புச் சொல்கின்றன. அதுவும் சாட்சியை விசாரிக்காத தீர்ப்பு. (எல்லா 'ஆன'வும் குற்றவாளி இல்லை. ஈரமான, கூர்மையான என்பவற்றில் தொட்டுப் பார்க்க ஏதோ இருக்கிறது.) கூடவே 'காட்சியளித்தது', 'காணப்பட்டது', 'திகழ்ந்தது' ஆகியவற்றுக்கும் ஒரு வட்டம் போடுங்கள். 'மலை கம்பீரமாகக் காட்சியளித்தது' என்ற வாக்கியத்தில் மலை சும்மா நிற்கிறது. 'நாலு மணிக்கே மலையின் நிழல் பாதித் தெருவை மூடிவிட்டது' என்றால் அதன் உயரம் தெரிகிறது, கீழே வாழ்கிறவர்களின் மாலைப்பொழுதும் தெரிகிறது.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். திருத்தக் கிடைக்கும் கட்டுரைகளில் பாதிக்குப் பாதி இந்த மாதிரிதான் இருக்கும்:

'அது ஒரு மிகப் பழைமையான வீடு. சுவர்கள் சிதிலமடைந்து பரிதாபமாகக் காட்சியளித்தன. உள்ளே பயங்கரமான அமைதி நிலவியது. நுழைந்ததும் என் மனம் இனம்புரியாத சோகத்தில் ஆழ்ந்தது.'

அதே வீடு, மறுபடியும்:

'தள்ளினால் கதவு திறக்கவில்லை. சற்றுத் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. சுவரில் நாள்காட்டி மாட்டியிருந்த சதுரம் மட்டும் வெளுக்காமல் நீலமாக இருந்தது, ஆணியும் இருந்தது. நான் செருமியது பக்கத்து அறையிலிருந்து திரும்பி வந்தது.'

இரண்டாவதில் 'பழைய' என்ற சொல்லே இல்லை. கீல் தொய்ந்துபோனதைக் கதவு சொல்லிவிடுகிறது. வெளுக்காத சதுரம், இங்கே யாரோ தினமும் தேதி பார்த்தார்கள், இப்போது இல்லை என்கிறது. எதிரொலி வந்தால் அறை காலி. சோகத்தையும் நான் எழுதவில்லை. படிப்பவர் அந்த ஆணியைப் பார்த்துவிட்டுத் தானே வருத்தப்படட்டும். 'வருத்தமாக இருந்தது' என்று நாம் முந்திக்கொண்டால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

'அப்படியானால் பார்த்ததையெல்லாம் எழுதட்டுமா?' என்று கேட்பார்கள். வேண்டாம். அறையில் 40 பொருள் இருந்தால் 40-ஐயும் எழுதுவது வருணனை ஆகாது, வீடு மாற்றும்போது போடும் சாமான் பட்டியல் ஆகும். வேறு எந்த அறையிலும் இருக்க முடியாத இரண்டு மூன்று போதும். மின்விசிறி எல்லா அறையிலும் இருக்கும். கயிறு கட்டி நிறுத்திவைத்த மின்விசிறி இந்த அறையில் மட்டும்தான்.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மலையுச்சியில் நின்றபடி பள்ளத்தாக்குப் புல்லில் பனித்துளியைப் பார்த்த ஒருவரின் கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். நல்ல கண்பார்வை!

உவமைக்கு வருவோம். இங்கேதான் ஆர்வம் அதிகம், விபத்தும் அதிகம். தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று 4 வகையாகப் பிரிக்கிறது. ஒன்று செய்யும் செயல், அது தரும் பயன், அதன் வடிவம், அதன் நிறம். நாம் எழுதும் உவமைகளை இந்த நான்கில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் விழும்: பஞ்சு போன்ற மேகம், முத்துப் போன்ற பல், மை போன்ற இருள். வடிவமும் நிறமும் கண்ணுக்கு உடனே தெரிபவை, அதனால் எல்லார் கைக்கும் அகப்பட்டுத் தேய்ந்துவிட்டன. செயலை வைத்துச் சொல்லும் உவமைக்குக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்திருக்க வேண்டும். 'தண்ணீரில் ஆழம் பார்ப்பவர் போலக் கிழவர் ஒவ்வொரு படியிலும் கால் வைத்தார்.' அவர் தலை பஞ்சு போல நரைத்திருந்ததா என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வாக்கியத்துக்கு ஓர் உவமை. இரண்டு வைத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் முதலில் நிற்பது உவமை இல்லை, தன்மை. ஒரு பொருளை உள்ளது உள்ளபடி சொல்வது. அலங்காரம் சேர்க்காமல் சரியாகச் சொல்வதையே ஓர் அணியாக எண்ணி முதலில் வைத்தவர்கள் நம் முன்னோர்.

தற்குறிப்பேற்றத்தைக் கொஞ்ச நாள் பூட்டிவைப்பது நல்லது. இயல்பாக நடப்பதன்மேல் நம் மனக்கருத்தை ஏற்றிச் சொல்கிற அணி அது. நல்ல கவிஞர் அதற்கு முன்கூட்டியே களம் அமைத்திருப்பார். நாமோ திடுதிப்பென்று 'என் துயர் கண்டு மேகங்கள் கண்ணீர் வடித்தன' என்று எழுதிவிடுகிறோம். மேகத்துக்கு வேறு வேலை இல்லையா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பள்ளமும் உண்டு. நம் மொழியில் பெயரைப் பற்றிய விவரமெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து உட்காரும். எனவே வருணிக்கத் தொடங்கியதும் பெயரெச்சங்கள் ரயில் பெட்டிகளாகக் கோத்துக்கொள்ளும். 'நேற்றுப் பெய்த மழையில் நனைந்து, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்த, கைப்பிடி உடைந்த, ஓரத்தில் கம்பி துருத்திக்கொண்டிருந்த கறுப்புக் குடை.' கடைசிச் சொல் வரும்வரை படிப்பவர் எதைக் கற்பனை செய்வார்? சைக்கிளையா, ஏணியையா? பெயரை முன்னால் கொண்டுவந்து பெட்டிகளைக் கழற்றிவிடுங்கள். 'சுவரோரம் குடை சாய்ந்திருந்தது. கைப்பிடி உடைந்து, ஒரு கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நேற்றைய மழை அதன் அடியில் இன்னும் ஒரு கையகலம் தேங்கி நின்றது.' முதலில் குடை கண்ணுக்கு வருகிறது, பிறகு ஒவ்வொன்றாக அதன் மேல் சேர்கிறது.

ஐம்புலனும் வரவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததால், புலனுக்கு ஒரு வரி என்று கணக்குப்போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நூலகத்தை வருணிக்க நாக்கை எதற்கு இழுக்கிறீர்கள்? ஆனால் மூக்கைப் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள் என்பது உண்மை. 'நறுமணம்', 'துர்நாற்றம்' என்ற இரண்டோடு கடையை மூடிவிடுகிறார்கள். தமிழில் நெடி வேறு, வீச்சம் வேறு, வாடை வேறு. மருந்து தெளித்த அறையில் வருவது நெடி. மீன் அரிந்த கையில் நிற்பது வீச்சம். காயாமல் சுருட்டி வைத்த துணியில் மக்கல் வாடை. சரியான சொல் ஒன்று விழுந்தால் அடைமொழி தானாக உதிர்ந்துவிடும். தோலுக்கும் பிசுபிசு, சொரசொர, வழவழ என்று இரட்டைக்கிளவிகள் எத்தனையோ இருக்கின்றன. சலசலவென்று ஆற்றை ஓடவிடுவதை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம்.

கடைசித் தவறு கடைசிப் பத்தியில் நடப்பது. முழுக்கட்டுரையையும் நன்றாக எழுதிவிட்டு, 'எனவே இத்தகைய இயற்கையைப் போற்றிப் பாதுகாப்போமாக' என்று மேடையேறிவிடுவார்கள். அதுவரை நம்மோடு நடந்து வந்தவர் திடீரென்று ஒலிபெருக்கியைப் பிடித்த மாதிரி இருக்கும். பள்ளியில் பழகிய பழக்கம், எளிதில் போகாது. என் கடற்கரைக் கட்டுரையும் 'கடல் வளம் காப்போம், நாட்டு வளம் பெருக்குவோம்' என்றுதான் முடிந்தது. அதற்குக் கீழே ஒரு சிவப்பு 'நன்று'.

நண்பனின் கட்டுரை இப்படி முடிந்திருந்தது: 'வீட்டுக்கு வந்து சட்டைப் பையை உதறினேன். கொஞ்சம் மணல் விழுந்தது.' அதற்குக் கீழேயும் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'முடிவுரை எங்கே?'