பிள்ளை வராத நாளின் படபடப்புக்கு ஒரு கோடு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மா கொழுந்து பறிக்கப் போக, தம்பியைப் பார்க்க அக்கா லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலேயே, நின்றுவிடுவாள். நாம்தான் கைவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் என்னால் முடிந்தது: தவறிய பாடத்தைத் தாளில் எழுதிப் பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது. வலப்பக்கம் நாட்சம்பளம், கடன், அப்பாவின் குடி. அதைப் பாடசாலை அதிபரிடமும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லிவிடுவேன். (வாய் திறக்கவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது!) இடப்பக்கத்தில் ஒன்றை முடித்த பிறகுதான் பஸ் ஏறுவது. அப்படியும் அடங்கவில்லையா, 1926க்கு எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.