பொது மழைநீர் வடிகால்: திட்டமிடுவதும் செலவைப் பிரிப்பதும்

சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மழைநீர் வடிகால் போடுவதென்றால், குழி தோண்டுவதைவிடப் பணத்தைப் பிரிப்பதுதான் பெரிய வேலை. எங்கள் தெருவில் இதைச் செய்து முடித்த பிறகு, பக்கத்துத் தெருக்காரர்கள் கேட்டதெல்லாம் அந்தப் பங்கீட்டைப் பற்றித்தான். அதனால் அந்தப் படியை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன். குழாய் பதிப்பது, ஜாயின்ட் அடிப்பது எல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: தண்ணீர் போய்ச் சேரும் இடம்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். பொதுக் கால்வாயோ குளமோ, தண்ணீரை விடப்போகும் இடத்துக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். அது கையில் வராமல் யாரிடமும் பணம் வசூலிக்காதீர்கள்.

கழிவுநீர்க் குழாயில் மட்டும் மழைநீரை இணைக்கவே கூடாது. பெருமழையில் அந்தக் குழாய் நிரம்பினால், கழிவுநீர் தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும்.

இன்னொன்று. காய்ந்த நாளில் கால்வாயைப் பார்த்துவிட்டு "ஆழம் போதும்" என்று முடிவு செய்யாதீர்கள். நல்ல மழை பெய்யும்போது போய், தண்ணீர் எந்த உயரம்வரை ஏறுகிறது என்று சுவரில் குறித்துவிட்டு வாருங்கள். உங்கள் குழாயின் வாய் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால், கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் திரும்பி வரும்.

படி 2: வாட்டம் (தரையின் சரிவு) பார்ப்பது

இதற்கு என் தேர்வு டியூப் லெவல்தான். கைபேசி காட்டும் உயரத்தை நம்பவேண்டாம். அதில் மீட்டர் கணக்கில் பிழை வரும், நமக்கோ சென்டிமீட்டர் வேண்டும்.

தெளிவான பிளாஸ்டிக் டியூபில் மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் தங்கினாலும் அளவு பொய்யாகிவிடும். வெளிச்சத்தில் முழு நீளத்தையும் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழை வெளியேற்றவேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால்தான் டியூப் தயார். நகரும்போது கட்டைவிரலால் இரண்டு வாயையும் மூடிக்கொண்டு, அளக்கும் இடத்தில் இரண்டையும் சேர்ந்தே திறக்கவேண்டும். நீர்மட்டம் ஆடி அடங்கிய பிறகு இரண்டு முனையிலும் தரையிலிருந்து உயரத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரையின் இறக்கம்.

60 மீட்டர் நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் வாட்டம் 200-க்கு 1.

படி 3: எவ்வளவு தண்ணீர், என்ன குழாய்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். மொத்தக் கணக்கும் இதிலிருந்துதான். அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851-ல் எழுதிவைத்த முறையைத்தான் சின்னப் பகுதிகளுக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள்: பரப்பு, மழையின் வேகம், ஓடிவரும் விகிதம் (பெய்த மழையில் எவ்வளவு பங்கு வடிகாலுக்கு ஓடிவருகிறது என்பது) மூன்றையும் பெருக்குங்கள்.

மொத்தப் பரப்பு 4,000 சதுர மீட்டர், மழை மணிக்கு 60 மி.மீ., பெரும்பாலும் கூரையும் கான்கிரீட்டும் என்பதால் விகிதம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி 3,600-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 53 லிட்டர். 200-க்கு 1 வாட்டத்தில் 300 மி.மீ. கான்கிரீட் குழாய் நிரம்பி ஓடும்போது நொடிக்கு 68 லிட்டர் போகும். அதே வாட்டத்தில் 225 மி.மீ. குழாய் 32 லிட்டர்தான் தாங்கும். விட்டத்தில் கால்பங்கு குறைத்தால் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது! "கொஞ்சம் சின்னதாப் போட்டா மிச்சம்தானே" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

நாள் முழுக்கப் பெய்த மழையளவை இதில் போடக்கூடாது. உங்கள் பகுதியில் குறுகிய நேரத்துக்குக் கொட்டும் மழையின் வேகம்தான் வேண்டும். இறுதி அளவை ஒரு சிவில் பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: செலவைப் பிரிப்பது

மேட்டு வீட்டுக்காரர் சொல்வார்: "என் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, நான் எதற்குத் தரவேண்டும்?" பள்ளத்து வீட்டுக்காரர் சொல்வார்: "உங்க தண்ணிதானே எங்க வீட்டுக்குள்ள வருது!" இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் இரண்டு பேருமே ஏமாந்ததாக நினைப்பார்கள்.

அதனால் இரண்டு கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக் கலப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

முதல் கணக்கு, தண்ணீர் அனுப்புவது யார் என்பது. குழாயை மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் செலவையும், அந்தத் துண்டு வழியாக யார் வீட்டுத் தண்ணீர் போகிறதோ அவர்கள் மட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணிதவியலாளர் லாயிட் ஷாப்லி 1953-ல் தந்த பங்கீட்டு முறையை, 1973-ல் லிட்டில்சைல்டு, ஓவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விமான ஓடுபாதைச் செலவுக்குப் பொருத்தியபோது கிடைத்ததும் இதே வடிவம்தான். அதில் ஒவ்வொரு துண்டும் பயன்படுத்துகிறவர்களுக்குள் சமமாகப் பிரியும். நாம் கூரை, கான்கிரீட் பரப்புக்கு ஏற்பப் பிரிக்கிறோம்.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். பரப்பு: மேல் வீடு 200, நடு வீடு 100, கீழ் வீடு 200 சதுர மீட்டர். மொத்தச் செலவு 100 என்றால், முதல் துண்டு 20, இரண்டாவது 30, கீழ் வீட்டிலிருந்து கால்வாய்வரை கடைசித் துண்டு 50. முதல் துண்டின் 20 முழுக்க மேல் வீட்டுக்கு. இரண்டாவது துண்டில் மேல் வீட்டுக்கு 20, நடு வீட்டுக்கு 10. கடைசித் துண்டில் 20, 10, 20. கூட்டினால் மேல் வீடு 60, நடு 20, கீழ் 20.

இதை மட்டும் வைத்தால் மேல் வீட்டுக்காரர் கூட்டத்தைவிட்டே எழுந்து போய்விடுவார். ஆகவே இரண்டாவது கணக்கு: வடிகால் வந்தால் யாருக்கு எவ்வளவு பயன்? வீட்டுக்குள் தண்ணீர் வருகிற கீழ் வீட்டுக்கு 6 புள்ளி, முற்றத்தில் நிற்கிற நடு வீட்டுக்கு 3, போக்குவரத்துக்கு மட்டும் சிரமப்படுகிற மேல் வீட்டுக்கு 1. அதாவது 60, 30, 10.

இரண்டையும் பாதிப்பாதியாகக் கலந்தால் மேல் வீடு 35, நடு 25, கீழ் 40.

இரண்டு கணக்குக்கும் முன்னுதாரணம் உண்டு. ஜெர்மனியில் பல ஊர்களில் மழைநீர்க் கட்டணம், தண்ணீர் இறங்காத தளத்தின் சதுர மீட்டரை வைத்துத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து 1956 வடிகால் சட்டம் பயனைப் பார்த்துப் பிரிக்கிறது.

இந்தப் படியில் உயிர்நாடி வரிசைதான். எஸ்டிமேட் வருவதற்கு முன்பே விதியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதிக்குப் பாதியா, அறுபதுக்கு நாற்பதா, புள்ளி எப்படி, எல்லாம் அப்போதே. தொகை தெரிந்த பிறகு விதியைப் பேச உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தன் பங்கைக் குறைக்கிற விதியைத்தான் நியாயம் என்பார்கள். பரப்பை கூகுள் எர்த்தில் அளந்துகொண்டு, சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் டேப் பிடியுங்கள். கணக்கை எல்லோரும் திறந்து பார்க்கும்படி ஒரு எக்செல் தாளில் வையுங்கள்.

படி 5: பராமரிப்பு

தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் இடங்களில், மூடியைத் தூக்கி மண்ணை அள்ளக்கூடிய தொட்டி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு தூர்வாரும் செலவையும் அதே விகிதத்தில் பிரிப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

"எங்கள் கூரைத் தண்ணீர் முழுக்க உறிஞ்சு குழிக்குப் போகிறது, எனக்கும் அதே பங்கா?" இல்லை. குழி நிரம்பி வழியாத அளவுக்குப் பெரியது என்று மழையில் பார்த்து உறுதி செய்தபின், அந்தக் கூரைப் பரப்பை முதல் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். குழி தூர்ந்துபோனால் பரப்பு திரும்பக் கணக்கில் வரும். பயன் கணக்கில் எதையும் கழிக்கக்கூடாது.

"இப்போது சேராத வீட்டுக்காரர் பிறகு வந்து இணைப்புக் கேட்டால்?" அவரையும் சேர்த்து முழுக் கணக்கையும் திரும்பப் போடுங்கள். அவர் தரும் தொகை பராமரிப்பு நிதிக்குப் போகாமல், ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அவரவர் கூடுதலாகத் தந்த அளவில் திரும்பப் போகவேண்டும். குழாயில் இன்னும் இடம் இருக்கிறதா என்று மூன்றாம் படியைச் செய்து பார்த்த பிறகே இணைப்புக் கொடுங்கள்.