கொளுத்தும் வெயிலில் முதுகுப்பையோடு நடக்கிறீர்களா?

நாள்கணக்கில் நடக்கிற பயணத்தில் வெயில் கடுமையாக இருந்தால் விடியும் முன்பே கிளம்பிவிடுவேன், 12 மணியிலிருந்து 3 மணிவரை எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே பையை இறக்கி அதையே தலைக்கு வைத்துப் படுத்துவிடுவேன், மிச்ச தூரம் சாயங்காலம்தான்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. 1 லிட்டர் என்றால் 1 கிலோ சுமை. ஆனால் ஏற்றத்தில் ஒரு மணி நேரத்திலேயே அவ்வளவும் வியர்வையாகப் போய்விடலாம். அதனால் ஓடை வந்ததும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடாமல், அங்கேயே உட்கார்ந்து அரை லிட்டராவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள் (வடிகட்டிச் சுத்தப்படுத்திய பிறகுதான்!). அதற்காக வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி என்று ஆரம்பிக்கும். கூடவே ஓஆர்எஸ் அல்லது உப்பு போட்ட நொறுக்குத்தீனி ஏதாவது வேண்டும்.

சட்டையையும் தொப்பியையும் நனைத்து, பிழியாமல் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். காற்று பட்டால் சொர்க்கம்.

அப்புறம், கூட நடப்பவர்களைக் கவனியுங்கள். வாயாடி நண்பர் திடீரென்று அமைதியாகி, கால் தடுமாறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதை நம்ப வேண்டாம். உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அவசர உதவிக்கு அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.