காருக்கு இரண்டாவது ரிமோட் திறப்பு: கொழும்பில் வாங்கிப் பதிவுசெய்யும் முறை

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்யப்பட்டு வரும் கார்கள் பல ஒரேயொரு ஸ்மார்ட் திறப்புடன்தான் நம் கைக்கு வந்துசேருகின்றன. இரண்டாவது திறப்பு பழைய உரிமையாளரின் மேசை லாச்சியிலோ ஏல முற்றத்திலோ தங்கிவிடுகிறது. வாங்குபவரும் கிலோமீற்றரையும் நிறத்தையும் பார்க்கும் பரபரப்பில் அதைப் பற்றிக் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும் வரை, இருந்த காரையே பேணிக்கொள்ள வேண்டியிருந்ததால், கொழும்பில் ஓடும் அக்வா, பிரியஸ், வெசெல், வேகன் ஆர் ஆகியவற்றின் ரிமோட்களும் கார்களோடு சேர்ந்தே முதுமையடைந்துவிட்டன. பொத்தானின் ரப்பர் கிழிந்து, செலோடேப் ஒட்டிய ரிமோட்டை வைத்திருப்பவர்களை நானே நிறையப் பேர் கண்டிருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, கையில் உள்ள ஒரு திறப்பாவது ஒழுங்காக வேலைசெய்யும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான். ஏற்கெனவே பதிவான திறப்பு ஒன்று அருகில் இருந்தால், புதியதைச் சேர்த்துக்கொள்ளக் காரே இணங்கும். வேலை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றுமே இல்லாத நிலையில், பூட்டிய காரைத் திறந்து, பதிவான திறப்பு இல்லாமல் காரைக் கிளம்பவிடாத பாதுகாப்புக் கருவியான இம்மொபிலைசரை ரீசெட் செய்ய வேண்டும், அல்லது அதன் கணினிப் பெட்டியைக் கழற்றி நினைவகத்தைப் படித்தெடுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து காரைத் தூக்கிச்செல்லும் கூலியும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

இருந்தாலும், ரிமோட் வேலைசெய்யவில்லை என்றவுடன் புதியதை வாங்க ஓட வேண்டாம். மூன்று வோல்ட் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பற்றரியின் மேல் உள்ள எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடும்: சீஆர் 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர்; சீஆர் 1632 என்றால் விட்டம் 16, தடிப்பு அதேதான். தடிப்பு ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணித்தால் தொடுமுனை வளைந்துவிடும். பற்றரி முற்றாக இறங்கியிருந்தாலும் காரை ஸ்டார்ட் செய்ய முடியும். ரிமோட்டின் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் தொடும்படி பிடித்து, பிரேக்கை மிதித்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினால் டொயோட்டா கிளம்பும். ஹொண்டாவிலும் சுசுக்கியிலும் ஏறத்தாழ இதே முறைதான். நிசானின் சில பழைய கார்களில் ரிமோட்டைச் செருகுவதற்கென்றே ஒரு துவாரம் உண்டு.

அது எப்படிச் சாத்தியம் என்பதை விளங்கிக்கொண்டால், கடையில் ஏமாறுவது பாதியாகக் குறையும். ஸ்மார்ட் திறப்புக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நீங்கள் கதவின் கைப்பிடியைத் தொட்டதும், கார் 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்ணில், ஒரு மீற்றருக்கும் குறைவான தூரத்துக்கு, "யார் அங்கே?" என்று கேட்கிறது, சட்டைப்பையில் உள்ள திறப்பு அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்ணில் மறுமொழி சொல்கிறது. ஜப்பானுக்கென்று தயாரான கார்களில் அந்த மறுமொழி 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில் வரும். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் தயாரானவற்றில் அது பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸ். இவற்றிலிருந்து வேறாக, பற்றரியே வேண்டாத ஒரு சிப்பும் உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் கொடுக்கும் சிறு சக்தியிலேயே அது விழித்துத் தன் இரகசிய எண்ணை ஒப்புவிக்கும். சிப் பொருந்தி அதிர்வெண் பொருந்தாத ரிமோட் அகப்பட்டால், பொத்தானில் பிடிக்கும்போது கார் கிளம்பும், கதவோ திறக்காது. இந்திய வேகன் ஆரின் ரிமோட்டை ஜப்பானிய வேகன் ஆருக்கு வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் கார் இரண்டின் பெயரும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு.

நான் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் காசு கொடுத்தே கற்றேன். என் அக்வாவுக்கென இணையத்தில் தேடி, பொத்தான்களின் எண்ணிக்கை, சின்னம், நிறம் எல்லாம் பழையதைப் போலவே இருந்த ஒரு ரிமோட்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து, ஒரு மாதம் காத்திருந்து, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. என் பழைய ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி உலோகத் திறப்பை உருவி, அது இருந்த இடைவெளியில் தட்டையான திருப்புளியை வைத்து மெதுவாகத் திருகினார். "சட்டையப் பார்த்து வாங்காதீங்க அண்ணன், உள்ளுக்குள்ள போர்டப் பாருங்க" என்று சொல்லி, பச்சைப் பலகையின் மேல் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைத் தம் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். பிறகே நான் கொண்டுபோனதைத் திறந்தார். முன்பாதி எண்கள் ஒன்றுதான், பின்பாதி வேறு. அந்த ரிமோட் இப்போது என் மகனின் விளையாட்டுப் பெட்டியில் இருக்கிறது.

ஆகவே ரிமோட்டை வாங்குவதற்கு முன் வீட்டிலேயே பழையதைத் திறந்து, பலகையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் ஸ்மார்ட் திறப்புகள் பலவற்றில் அது 271451 என்று தொடங்கி, ஒரு கோட்டுக்குப் பின் நான்கு இலக்கங்களுடன் முடியும். பொருந்த வேண்டியது அந்தக் கடைசி நான்கும் சேர்ந்த முழு எண். காரின் மாதிரிப் பெயரும் வருடமும் மட்டும் போதாது, ஏனென்றால் ஒரே பெயரில் வந்த கார் இடைநடுவே மாற்றம் பெறும்போது பலகையும் மாறிவிடுவதுண்டு. திறக்கும்போது பலகையை விரலால் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். திருப்புளியின் நுனியில் துணி சுற்றினால் ஓடு கீறுப்படாது.

பாவித்த ரிமோட் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். பஞ்சிகாவத்தையில் உடைத்த கார்களிலிருந்து கழற்றிய ரிமோட்கள் கிடைக்கும். விலையும் குறைவாக இருக்கும். ஆனால் டொயோட்டாவின் ஸ்மார்ட் திறப்பு ஒருமுறை ஒரு காரில் பதிவாகிவிட்டால், அந்தக் காருக்கென்றே பூட்டப்பட்டுவிடும். அதற்கென உள்ள கருவியால் பூட்டை நீக்கிப் புதியதுபோல ஆக்கிய பின்னரே வேறு காரில் சேர்க்க முடியும். பூட்டு நீக்கிய ரிமோட்டா என்று கேட்டு, பதிவாகாவிட்டால் திருப்பி எடுப்பதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். பழைய ரிமோட்டின் ஓடு மட்டுமே உடைந்திருக்கிறது என்றால் கதை வேறு: வெறும் ஓட்டை வாங்கிப் பலகையை அதற்குள் மாற்றிக்கொண்டால் போதும், எந்தப் பதிவும் தேவையில்லை.

உலோகத் திறப்பிலேயே பொத்தான்கள் உள்ள பழைய விட்ஸ், அக்சியோ போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. திறப்பை வெட்டி, காரின் கணினியோடு இணைக்கும் கருவியான ஸ்கேனரால் சிப்பைப் பதிவுசெய்து, கதவுப் பூட்டுக்கான ரிமோட் பகுதியைத் தனியாகச் சேர்ப்பார்கள்.

எங்கே செய்வது என்பதில் மூன்று வழிகள் உள்ளன. முகவர் நிறுவனம் செஸி இலக்கத்தைக் கொண்டு சரியான பாகத்தைத் தருவித்துக் கொடுக்கும். செலவும் காத்திருப்பும் அதிகம், தவறு குறைவு. அங்கே போவதற்கு முன், ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான ரீகண்டிஷன் காருக்கும் செய்வார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது வழி பஞ்சிகாவத்தை, தெல்கந்த போன்ற இடங்களில் திறப்பு வேலையையே தொழிலாகக் கொண்ட கடைகள். மூன்றாவது, மடிக்கணினியும் ஸ்கேனருமாக வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பவர்கள். என் தெரிவு இரண்டாவதுதான். நிலையான கடையாக இருந்தால், அடுத்த வாரம் ரிமோட் மக்கர் பண்ணினாலும் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். வீட்டுக்கு வருபவரை அழைப்பதானால், தெரிந்தவர் ஒருவர் ஏற்கெனவே வேலைசெய்வித்தவராக இருக்கட்டும். காரின் கணினிக்குள் நுழைந்து திறப்புகளைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்த ஒருவருக்கு உங்கள் வீட்டு முகவரியையும் காட்டுகிறீர்கள் அல்லவா. விலை கேட்பதற்காக உலோகத் திறப்பின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். தெளிவான படம் ஒன்றே அதுபோல இன்னொன்றை வெட்டப் போதும்.

எவரிடம் போனாலும், சொல்லும் தொகை ரிமோட்டுக்கு மட்டுமா, பதிவுசெய்யும் கூலியும் உலோகத் திறப்பு வெட்டும் கூலியும் அடங்கியதா என்று பிரித்துக் கேளுங்கள். வாகனப் பதிவுச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். லீசிங்கில் உள்ள காரானால் மூலச் சான்றிதழ் நிறுவனத்திடம் இருக்கும் என்பதால் அதன் பிரதி போதும். அதே சாக்கில், இரண்டாவது திறப்பு லீசிங் நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள். இந்த ஆவணங்களைக் கேட்காமலே வேலையைத் தொடங்கும் கடையை நான் நம்பமாட்டேன்.

பதிவுசெய்யும் நாளில் காரின் 12 வோல்ட் பற்றரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஹைபிரிட் காரில் பெரிய பற்றரி இருப்பதால் இது பொருட்டில்லை என்று நினைப்பது தவறு, ஏனென்றால் கணினிகள் அனைத்தும் அந்தச் சிறிய பற்றரியிலேயே ஓடுகின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் சொக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். ஆகவே ஏசி, ரேடியோ, முன்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லாத் திறப்புகளையும் எடுத்துச்செல்வதும் முக்கியம். நிசான் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு முறையும் எல்லாத் திறப்புகளையும் புதிதாகப் பதிவுசெய்வதால், அங்கே இல்லாத திறப்பின் பதிவு அழிந்துபோகும்.

ஸ்கேனர் திரையில், இப்போது எத்தனை திறப்புகள் பதிவாகியுள்ளன என்று வேலைசெய்பவரைக் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் ஒன்றே இருக்க, திரையில் இரண்டு என்று காட்டினால், காணாமற்போனது இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஜப்பானில் கிடந்தால் பாதகமில்லை. காரை நீங்கள் வாங்கியது இங்கேயே இன்னொருவரிடமிருந்து என்றால், பழையதை அழித்து உங்கள் கையில் உள்ளவற்றை மட்டும் பதிவுசெய்யச் சொல்வதே அறிவு.

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது. இரண்டு ரிமோட்டும் ஒரே பையில் இருக்கும்போது எது கதவைத் திறந்தது என்று எவருக்கும் தெரியாது. நான் செய்த அன்று என் மனைவியிடம் பழையதைக் கொடுத்துத் தெருமுனைத் தேநீர்க் கடை வரை போகச் சொல்லிவிட்டுப் புதியதைச் சோதித்தேன்: பொத்தானால் பூட்டித் திறந்தேன், பையில் வைத்தபடி கைப்பிடியைத் தொட்டேன், டிக்கியைத் திறந்தேன், ஸ்டார்ட் செய்தேன், கடைசியாக ரிமோட்டின் பற்றரியைக் கழற்றிவிட்டுப் பொத்தானில் பிடித்து ஸ்டார்ட் செய்தேன். பின்னர் புதியதை அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் பழையதைக் கொண்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். கடைப் பையனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

புதிய ரிமோட்டுக்குள் உள்ள உலோகத் திறப்பை ஓட்டுநர் பக்கக் கதவில் இட்டுத் திருப்பிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். அதை வெட்டாமல் வெறும் தகடாகவே செருகிக் கொடுப்பவர்கள் உண்டு. காரின் பற்றரி செத்துப்போகும் நாளில் கதவைத் திறக்க அந்த ஒரு துண்டு உலோகம்தான் இருக்கும். பொனட்டைத் திறக்கும் பிடியும் காருக்கு உள்ளேதான் இருக்கிறது.

மேலதிகத் திறப்பை வாசலருகே ஆணியில் தொங்கவிட வேண்டாம். திறப்பின் அலையை மதிலுக்கு வெளியிலிருந்து நீட்டித்துக் காரைத் திறக்கும் களவு முறை ஒன்று உண்டு என்பதால், மூடி இறுக்கமாக உள்ள தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்தால் அலை பெரும்பாலும் வெளியே போகாது. டொயோட்டாவின் பல ஸ்மார்ட் திறப்புகளில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால், சிவப்பு விளக்கு நான்கு முறை மின்னி, ரிமோட் உறக்க நிலைக்குப் போய்விடும், பற்றரியும் நீடிக்கும். ஏதாவதொரு பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொள்ளும். வருடந்தோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும் நாளில் அந்தத் திறப்பையே எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்து டின்னுக்குள் போடுமுன், பற்றரி மாற்றிய மாதத்தை மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.