போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த ஹீட்டர்? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கான சுடுதண்ணீர்க் கையேடு

பழுதான கீசரிலிருந்து கழற்றிய காயிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். பென்சில் கனத்தில் இருக்க வேண்டிய குழாய் சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் போலத் தடித்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அந்த ஓட்டைத் தாண்டிச் சூடு தண்ணீருக்குப் போவதற்குள் காயில் தன் சூட்டிலேயே கருகிப்போகிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஹீட்டர் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் கம்பெனி காரணமில்லை, போர் தண்ணீர்தான் காரணம். விலையையும் வெயிலையும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும்.

தண்ணீரை முதலில் சோதியுங்கள்

ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுங்கள். மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு ஆகிய மூன்றும் வேண்டும் என்று கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். பாறைபோல் படியும் சுண்ணாம்பு எவ்வளவு என்பது கடினத்தன்மையில்தான் தெரியும்.

கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 லிட்டர் சுட வைத்தால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ சுண்ணாம்புச் சத்து ஹீட்டர் வழியே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலும் மாதம் 150 கிராம். சூடு ஏற ஏறப் படிவதும் கூடும், 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகக் கூடும்.

கடினத்தன்மை 300-க்குக் கீழே இருந்தால் எந்த ஹீட்டரும் தாக்குப்பிடிக்கும். 300 முதல் 600 வரை என்றால் கண்ணாடிக் குழாய்கள் வைத்த வெற்றிடக் குழாய் சோலார் போதும், ஆனால் தவறாமல் கழுவ வேண்டும். 600-க்கு மேல் போனால் ஹீட்டருக்குப் போர் தண்ணீர் கொடுக்காமல் இருக்க வழி தேடுங்கள். 2013-ல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வீட்டுக்கு ஒழுங்காக வந்தால், அதற்கென்று 300 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, சோலாருக்கு அதிலிருந்து மட்டும் குழாய் இழுக்கலாம். குளிக்க விளாவும் பச்சைத் தண்ணீர் போரிலிருந்தே வரட்டும். ஹீட்டருக்கு ஆயுள் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

ஃபுளோரைடு பற்றி ஒன்று. அது கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டும்போது மிச்சத்தில் அதன் அளவு கூடவே செய்யும். சோலார் குழாயில் சூடாக வருகிறதே என்று அந்தத் தண்ணீரை உலைக்கு வைக்க வேண்டாம், குழந்தைக்குப் பால் கலக்கவும் வேண்டாம்.

எத்தனை லிட்டர் வேண்டும்

மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி, குளிக்கத் தேவை 40 டிகிரி. 20 லிட்டர் வாளிக்கு 60 டிகிரித் தண்ணீர் ஒன்பதரை லிட்டர் விட்டு மீதியைப் பச்சைத் தண்ணீரால் விளாவினால் சரியாக இருக்கும். ஆளுக்கு ஒன்றரை வாளி, நாலு பேர் என்றால் 57 லிட்டர். பாத்திரம் கழுவவும் சேர்த்து 100 லிட்டர் சோலார் தாராளம். ஷவர் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 8 நிமிடம் நின்றால் ஆளுக்கு 30 லிட்டர் சுடுதண்ணீர் போகும், நாலு பேருக்கு 120. அந்த வீட்டுக்கு 150 லிட்டர்.

கடையில் 200 லிட்டர் எடுங்கள் என்பார்கள். வேண்டாம். செலவாகாத தண்ணீர் சித்திரை வெயிலில் கொதித்துக்கொண்டே கிடக்கும், சுண்ணாம்பும் அதே வேகத்தில் படியும்.

மின்சாரக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. ஒரு வாளிக்கு 0.42 யூனிட், ஆறு வாளிக்கு நாளுக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட். கீசர் சும்மா நிற்கும்போது இழக்கும் சூடு இதில் சேரவில்லை. வீட்டுப் பில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த 150 உங்களை அடுத்த கட்டண அடுக்குக்குத் தள்ளிவிடும். அப்போது கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் கூடும்.

தர்மபுரி, அரூர், ஊத்தங்கரைச் சமவெளியில் பங்குனி முதல் ஆடி வரை மொட்டை மாடித் தொட்டியே போதிய சூட்டில் இருக்கும். அங்கே பெரியவர்களோ கைக்குழந்தையோ இல்லாத சிறு குடும்பத்துக்குச் சோலார் அவசியமில்லை, 5 ஸ்டார் கீசர் ஒன்றே போதும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கமும் ஆண்டின் பெரும்பகுதி காலையில் சுடுதண்ணீர் வேண்டும். அங்கே சோலார் போட்ட காசு நிச்சயம் திரும்பும்.

எந்த வகை

தட்டைப் பலகை சோலாரில் தண்ணீர் அரை இஞ்சுச் செப்புக் குழாய்களுக்குள் ஓடுகிறது. போர் தண்ணீரை நேரடியாக விட்டால் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும். பலகை கொதிக்கும், தொட்டியோ ஆறியே இருக்கும். இந்த வகைதான் வேண்டுமென்றால் வெப்பமாற்றி உள்ளதாகக் கேளுங்கள். அதில் பலகைக்குள் சுற்றும் நல்ல தண்ணீர் வேறு, குளிக்கும் தண்ணீர் வேறு. விலை கூடும், ஆனால் 600-க்கு மேற்பட்ட கடினத்தன்மைக்கு இதுதான் நிலைக்கும்.

வெற்றிடக் குழாய் வகையில் கண்ணாடிக் குழாய் அகலமானது. சுண்ணாம்பு அடியில் சேறாக இறங்கும், ஆனால் அடைப்பு விழாது. 58 மி.மீ. விட்டமும் 1,800 மி.மீ. நீளமும் உள்ள குழாய் என்றால் 100 லிட்டருக்கு 10 இருக்க வேண்டும். 47 மி.மீ., 1,500 மி.மீ. என்றால் 14. இதைவிடக் குறைவாக இருந்தால் பெயரளவில்தான் 100 லிட்டர், வாங்க வேண்டாம். குளோரைடு கூடுதலாக உள்ள தண்ணீரில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் வெல்டிங் ஓரங்களில் ஊசித் துளை விழுந்து கசியும். 316 எல் ரகத் தொட்டியோ, உட்புறம் எனாமல் பூசி, தொட்டிக்குப் பதில் தான் அரித்துக் கரையும் மெக்னீசியம் ராடு வைத்த தொட்டியோ கேளுங்கள்.

காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் வேலை செய்யும். மாடியில் வெயில் விழாத அடுக்குமாடி வீட்டுக்கும், ஏழெட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும். நாலு பேர் வீட்டுக்கு அதன் விலை அதிகம்.

மானியம் பற்றி ஏமாற வேண்டாம். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகைக்கானது, சுடுதண்ணீர் சோலாருக்கு அதில் பணம் கிடையாது.

மாடியில் பொருத்துவது

குழாய்கள் தெற்குப் பார்த்திருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 3 வரை தென்னை நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ விழக் கூடாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும். அப்போது நண்பகலிலேயே நாலடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் மூன்றடி நீளம் விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். சுவரிலிருந்து எட்டடி தள்ளி வையுங்கள்.

தண்ணீர் நிரம்பிய 100 லிட்டர் சோலார் 200 கிலோவை ஒட்டி வரும், ஏனென்றால் குழாய்களுக்குள்ளேயே 30 லிட்டர் நிற்கிறது. கால்களைச் சுவருக்கோ பீமுக்கோ மேலே வரும்படி நிறுத்துங்கள். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் ஐப்பசி மழையில் ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட்டைப் பதியுங்கள். ஸ்டாண்டைப் பீடத்தோடு இறுக்காமல் விட்டால் கோடை மழைக்கு முன் வரும் காற்று தண்ணீரில்லாத சோலாரைப் புரட்டிப்போடும். ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் ஷீட்டிலும் ஏற்றவே வேண்டாம், பக்கத்தில் இரும்பு மேடை போடுங்கள்.

அடிக்கடி நடக்கும் பெரிய தவறு உயரக் கணக்கில்தான். குளிர்நீர்த் தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியின் உச்சியைவிட ஓரடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலார் தொட்டி முழுதாக நிரம்பாது. மேலே உள்ள குழாய் வாய் காலியாக நின்று கண்ணாடி சூடேறி வெடிக்கும். சோலார் தொட்டியின் உச்சியிலிருந்து காற்று போய்வரத் திறந்து நிற்கும் காற்றுக் குழாயின் வாயோ குளிர்நீர் நிரம்பும் மட்டத்துக்கும் ஓரடி மேலே போக வேண்டும். குட்டையாக விட்டால் சுடுதண்ணீர் அதன் வழியே மாடியில் வழிந்துகொண்டே இருக்கும். குளிர்நீர்த் தொட்டி மிக உயரத்தில் இருந்தால் அழுத்தம் தாங்காமல் ரப்பர் வளையங்கள் கசியும். அதற்குச் சோலாரின் பக்கத்திலேயே மிதவை வால்வு உள்ள சின்னத் தொட்டி ஒன்றைப் பொருத்துவார்கள்.

குளிர்நீர் நுழையும் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். ஸ்பிரிங் வகை இந்தக் குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது, மடல் வகை போடச் சொல்லுங்கள். கோடை அல்லாத நாளிலும் மாலையில் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

குழாயும் மிக்ஸரும்

வெள்ளை பி.வி.சி. குழாய் சோலார் தண்ணீரில் வளைந்து இணைப்பு விட்டுப்போகும். சந்தன நிறத்தில் வரும் சி.பி.வி.சி. போடுங்கள். முக்கால் இஞ்சுக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் ஓட்டம் என்றால் சுடுதண்ணீர் வருவதற்குள் 5 லிட்டர் ஆறிய தண்ணீர் வரும், ஒவ்வொரு முறையும். அதனால் குளியலறைக்கு நேர் மேலே சோலாரை வைப்பது நல்லது. குழாயை 13 மி.மீ. கருப்பு நைட்ரைல் ஃபோம் உறையால் மூடி, அதன்மேல் அலுமினிய டேப் சுற்றுங்கள். டேப் இல்லாத உறை இரண்டு கோடையில் பொடியாகும், மிச்சத்தை அணில் கொறிக்கும்.

குளிர்நீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் ஒரு விசித்திரம் நடக்கும். மிக்ஸரின் இரு பக்கமும் திறந்து ஷவர் கைப்பிடியில் மட்டும் அடைத்தால், பம்ப் தள்ளும் குளிர்நீர் மிக்ஸர் வழியே சுடுதண்ணீர் லைனுக்குள் ஏறிச் சோலார் தொட்டிக்கே போய்விடும். காற்றுக் குழாயில் தண்ணீர் கொட்டும், தொட்டி ஆறிவிடும். சோலாரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். மிக்ஸரின் சுடுதண்ணீர்ப் பக்கம் ஒருவழி வால்வு ஒன்று போட்டால் நின்றுவிடும்.

முதல்முறை தண்ணீர் நிரப்புவது விடியற்காலையில்தான். வெயிலில் காய்ந்த காலிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி பட்டென்று வெடிக்கும். நடுப்பகலில் தொட்டி காலியாகிவிட்டாலும் அப்படித்தான். மோட்டாரைப் போடாமல் சாயங்காலம் வரை பொறுங்கள்.

மழை நாளுக்கு

சோலார் தொட்டிக்குள் மின்சார காயில் வைத்துத் தருவார்கள். 100 லிட்டரை 30-லிருந்து 60-க்கு ஏற்ற மூன்றரை யூனிட் செலவாகும், ஒரே ஆள் குளித்தாலும். அதற்குப் பதில் குளியலறையில் 10 அல்லது 15 லிட்டர் 5 ஸ்டார் கீசரைத் தனியாக வையுங்கள். 15 லிட்டரும் 2 கிலோவாட்டும் என்றால் இருபது நிமிடத்தில் 60 டிகிரி வரும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50–55 டிகிரியில் வைத்தால் சுண்ணாம்பு குறையும். கிருமி தங்காமல் இருக்க வாரம் ஒருநாள் 60-க்கு ஏற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஹீட்டர் மின்னழுத்தம் குறையும் கிராமத்துக்கு ஆகாது. 180 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 கிலோவாட்தான் கொடுக்கும்.

16 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாமல் கீசரைப் போட வேண்டாம். காயில் ஓட்டையாகித் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் உயிரைக் காப்பவை இவைதான். கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டினால் அதைக் கட்டி அடைக்கக் கூடாது. போர் தண்ணீரில் அது இறுகிப்போகும் என்பதால் மாதம் ஒருமுறை நெம்பைத் தூக்கி விடுங்கள்.

கழுவுவது

கடினத்தன்மை 300-க்கு மேல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன், தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்து சேறு போகும்வரை விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குழாய்களையே கழற்ற வேண்டும். குழாயின் அடியைத் தாங்கும் கிண்ணத்தைத் தளர்த்தி, குழாயைத் திருகிக்கொண்டே மேலே தள்ளி வெளியே இழுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்துக் கொட்டுங்கள். கையுறை போடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் கூடவே கூடாது, அதன் குளோரைடு எஃகுத் தொட்டியைத் தின்றுவிடும். திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் கிழியாமல் நுழையும்.

அப்போதே குழாயின் அடி நுனியைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னினால் நல்லது. பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாயை மட்டும் மாற்றினால் போதும். மெக்னீசியம் ராடு பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதிது போடுங்கள். காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்த நிலையில் குளிர்நீர் நின்று, கீழே யாராவது சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி நசுங்கிவிடும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் குழாய்கள்மேல் தார்ப்பாயோ பழைய போர்வையோ போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டுப் போங்கள்.