பழைய ஃபிளாட் வாங்கும்முன்: சுவருக்குள் ஒளிந்த ஈரத்தைக் கோட்டைவிடும் தவறுகள்

சென்னையில் பலரும் வீடு பார்க்கக் கிளம்புவது சித்திரை, வைகாசியில். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடியேற வேண்டுமென்ற அவசரம். அந்த வெயிலில் ஒழுகும் கூரைகூடக் காய்ந்து, நல்ல பிள்ளையாக நிற்கும். ஊருக்குப் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதனால் முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கனமழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் இறங்கிய நீர் கீழே எட்டிப்பார்க்க நேரமெடுக்கும். மழை கொட்டும்போதே போனால் சுவர் இன்னும் உலர்ந்திருக்கலாம்.

கோடையில்தான் பார்க்க முடியுமென்றால் தண்ணீரை நீங்களே விட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

பாத்ரூமில் மூன்று சோதனைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்தால் எது கசிகிறது என்று தெரியாது. முதலில் சப்ளை பைப். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பிளம்பரிடம் பிரஷர் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். கேஜ் முள் மெல்ல இறங்கினால் சுவருக்குள் ஓடும் பைப்பில் ஓட்டை இருக்கலாம். பழைய கட்டடங்களில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளிருந்தே துருப்பிடித்துப் போயிருக்கும். அடுத்து வடிகால். வாஷ்பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், தரையிலும் நாலைந்து வாளி ஊற்றுங்கள், கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். கடைசியாகத் தரை. நானி டிராப்பை, அதாவது தரைநீர் வடியும் துளையை, துணிப்பந்தால் அடைத்து, 2 அல்லது 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. அவர் வீட்டுக் கூரைதான் உங்கள் சாட்சி.

ஏற்கெனவே கசிவு இருக்கிறதென்றால் அது வரும் நேரமே பாதி பதிலைச் சொல்லிவிடும். எந்நேரமும் சொட்டினால் சப்ளை பைப். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் மட்டும் வந்தால் வடிகாலோ தரையோ. மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு சேரும் இடம், ஜன்னல் ஓரம்.

மொட்டை மாடிக்கும் இதே முறைதான். மழைநீர்க் குழாய் வாய்களை மணல் மூட்டையால் அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்குவார்கள். 5 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. கான்கிரீட் கூரை நல்ல நிலையில் இருந்தால் அது தாங்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் மர விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. அங்கே விட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் இற்றுவிட்டது.

கறை இருக்கும் இடத்தையே உடைப்பது

கறை என்பது தண்ணீர் வெளியே வந்த வாசல், அது புகுந்த வாசல் வேறெங்கோ இருக்கும். கான்கிரீட்டுக்குள் புதைத்த மின்வயர் குழாய் வழியாக நீர் பல அடி ஓடி, ஹாலின் நடுவே ஃபேன் மாட்டும் பெட்டியில் சொட்டும். உடனே மேல்வீட்டு ஹால் தரையை உடைப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. பாத்ரூம் தரைக்கடியில் பள்ளமாக விட்டுச் செங்கல்துண்டு போட்டு நிரப்பிய சங்கனும் இப்படித்தான். டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கிய நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி நின்று, பக்கத்து பெட்ரூம் சுவரின் அடியில் உப்பாகப் பூக்கும். அந்தத் தேங்கிய நீரை வெளியேற்றாமல் மேலே புது டைல்ஸ் ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் ஈரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

புது பெயின்டைப் பார்த்து மகிழ்வது

வீடு முழுக்க அடித்திருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு சுவர் மட்டும் பளபளவென்றிருந்தால் அங்கேயே நில்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத பட்டி ஒட்டு, கொப்புளம், அலை எல்லாம் நிழல் விழுந்து தெரியும். பிறகு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான பூச்சில் 'டங்' என்று வரும் சத்தம், உப்பிய இடத்தில் 'டொப்' என்று மாறும்.

ஃபால்ஸ் சீலிங் இருந்தால் மெயினை அணைக்கச் சொல்லி ஒரு சின்ன லைட்டை இறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் கிளிப்தான், இழுத்தால் வந்துவிடும். அந்த ஓட்டை வழியாகச் செல்போனை நுழைத்து வீடியோ எடுங்கள். துருக்கறை, தொங்கும் கம்பி, வெள்ளை உப்புக் கோடுகள் அதில் சிக்கும். கப்போர்டின் பின்பலகை, லாஃப்ட், சிங்க்கின் அடிப்பகுதி ஆகியவற்றையும் மோந்து பார்க்கத் தயங்காதீர்கள். பாத்ரூம் கதவு நிலையின் கடைசி ஒரு சாண் கறுத்திருந்தாலோ கரையான் ஏறியிருந்தாலோ அந்தத் தரை பல வருடமாக ஈரம் என்று அர்த்தம்.

ஈரமானி வாங்கி வந்து எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. ஊசி வைத்த மீட்டர் மரத்துக்கென்று அளவிடப்பட்டது. சுவரில் உப்பு இருந்தால் ஈரம் இல்லாவிட்டாலும் அதிகமாகக் காட்டும். காய்ந்ததாகத் தெரியும் சுவரோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஏசி அறையை ஒட்டிய அடுத்த அறைச் சுவரில் பூஞ்சை படிந்தால் அது கசிவாக இல்லாமலும் இருக்கலாம். குளிர்ந்த சுவரில் கடற்கரை ஊரின் ஈரக்காற்று பட்டு வியர்க்கிறது.

தரைத்தள வீடா? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மனத்தில் வைத்து வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பாருங்கள். ஈபி மீட்டரும் சுவிட்ச்போர்டும் சமீபத்தில் மேலே ஏற்றப்பட்டிருக்கிறதா? கேட்டின் அடிப்பாகம் மட்டும் துருவா? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று கையாலேயே காட்டுவார். இன்னொன்று, ரோடு மேல்மேலே போட்டு உயர்ந்துபோன தெருக்களில் வீட்டுக்காரர் முற்றத்தையும் மண் கொட்டி உயர்த்தி டைல்ஸ் போட்டிருப்பார். அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்கப் போட்ட அடுக்கு இப்போது மண்ணுக்குக் கீழே போயிருக்கும். எத்தனை பெயின்ட் அடித்தாலும் சுவர் பொரியும். தரமட்டத்தைப் பழையபடி இறக்கினால்தான் தீரும்.

பழுதுபார்ப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, வெளியிலிருந்து நுழையும் நீருக்கு உள்பக்கம் டேம்ப்-ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது. பின்னாலிருந்து வரும் அழுத்தம் அதைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். கூரையில் கம்பி தெரியும் இடத்தில் சிமென்ட் அப்பி மூடுவது அதைவிட ஆபத்து. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மறுபடி பூச்சைப் பிளந்து தலையில் விழும். உப்பிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு புதியது ஒட்டுவதற்கான பாண்டிங் கோட், பிறகு பாலிமர் கலந்த சிமென்ட் கலவை என்ற வரிசையில் செய்ய வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கொத்தனார் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

கசிவை அடைத்த மறுநாளே பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். 45 செ.மீ. சதுர பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, மறுநாள் வரை விட்டுப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அடியில் சுவர் கறுத்திருந்தாலோ ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து, இன்னும் இரண்டு வாரம் விட்டு அதே இடத்தில் மறுபடி ஒட்டுங்கள்.